மேல் மாதம், கீழ் மாதம்

1.

இந்தக் கதை எனக்கு லிஃப்டில் கிடைத்தது. சீனாவின் சோங்சிங் நகரில் நான் குடியிருக்கும் கட்டடம் மலைச்சரிவில் நிற்கிறது. முதல் மாடி ஆற்றோரத் தெருவில் திறக்கும், பதினோராம் மாடி மேல் சாலையில் திறக்கும். இரண்டுக்கும் வாசல் என்றுதான் பெயர். ஒரு நாள் ஒரு ஜோடி என் காதோரம் சண்டை போட்டது.

"வாசல்ல நிக்கிறேன்னுதானே சொன்னே? நின்னு நின்னு காலே போச்சு!"

"நானும் வாசல்லதான் நின்னேன். மேல் வாசல்."

"கீழ் வாசல்ல நூடுல்ஸ் கடை வச்சிருக்கிறவன் எங்க நிப்பான்னு தெரியாதா, டீச்சரம்மா?"

இந்த ஊர்க்காரர்களுக்கு மட்டுமே வாய்க்கும் தவறு. விடுவேனா?

2.

முதல் வரி இப்படி ஆரம்பித்தது: மான்திங், லுவோவின் மேல் காதலில் விழு—

அடித்துவிட்டேன். மான்திங் (அந்த டீச்சரம்மாவுக்கு நான் வைத்த பெயர், நூடுல்ஸ் கடைக்காரன் லுவோ) கல்லூரியில் ஆராய்வதே இதைத்தான். ஆங்கிலத்தில் காதலில் விழுகிறார்கள். சீனத்தில் காதலித்தால் 'மேலே' என்று ஒரு சொல் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். (நம் பக்கம் மனதைப் பறிகொடுக்கிறோம். திருட்டு வழக்கு.) ஆங்கிலத்தில் வரப்போகும் காலம் முன்னால் காத்திருக்கிறது. சீனத்தில் போன மாதம் மேல் மாதம், வரும் மாதம் கீழ் மாதம். காலம் படியிறங்கி வருகிறது.

[இங்கே ஓர் அடிக்குறிப்பு போட நினைத்தேன்: சீனத்திலும் முன், பின் உண்டு. முந்தாநாள் அங்கேயும் 'முன் நாள்'தான். இதைக் கண்டுபிடித்த அன்று சந்தோஷத்தில் சோற்றை அடிப்பிடிக்க விட்டுவிட்டேன். அடிக்குறிப்பு வேண்டாம்.]

3.

மான்திங்கின் மேல்தான் எனக்குச் சந்தேகம். இங்கிலாந்தின் லீட்ஸில் இரண்டு வருட ஆராய்ச்சி வேலை கிடைத்திருக்கிறது. இதே மேல், கீழ், முன், பின். அதற்காக லுவோவை விட்டுப் போவாளா? ஒரு வரைவில் அவளுக்கு ஓர் ஆங்கிலேயனைக் காதலனாக்கினேன். சௌகரியமாக இருந்தது, உயிர் இல்லை. லுவோ வந்து அவனைத் துரத்திவிட்டான்.

"இங்கிலீஷ்காரன் விழுறான், நாம ஏறுறோம். சரி. ஏறினவ ஏறின எடத்துல நிக்க வேணாமா?"

"ரெண்டே வருஷம்டா."

"கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டதுக்கு அதுவா பதில்?"

லுவோ மிளகாய் எண்ணெய்க் கரண்டியைக் கீழே வைத்தான்.

"சனிக்கிழமை டாக்ஸி மேல் வாசலுக்குத்தானே வரும்? போறதா இருந்தா அப்படியே போயிடு. இருக்கறதா இருந்தா கீழ வா."

"மிரட்டுறியா?"

"இல்ல. பயமா இருக்கு."

இந்த ஒரு வார்த்தையை நான் எழுதவில்லை. அவனாகவே சொன்னான். அப்போதிலிருந்து எனக்கும் பயமாக இருக்கிறது.

4.

முடிவு ஒன்று: அவள் மேலே போகிறாள். விமானம் ஏறி, ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்து

(பாதியில் விட்டேன். அவள் கூட்டல் கழித்தல் இயந்திரம் இல்லை.)

முடிவு இரண்டு: அவள் கீழே போகிறாள். கடை வாசலில் லுவோ நிற்கிறான், சுபம். (இதைப் படித்தால் மான்திங் என் முகத்தில் சூப்பை ஊற்றுவாள்.)

ஆகவே இரண்டையும் கிழித்துவிட்டு, லுவோவுக்குக் கொஞ்சம் மூளை கொடுத்தேன். சனிக்கிழமை காலை அவன் யோசித்தான்: இது என்ன கேட்கிற முறை? கடையைச் சாத்தினான். வழிக்கு ஒரு பொட்டலம் நூடுல்ஸ் கட்டினான். சிரித்து வழியனுப்பிவிட வேண்டும் என்று படி வழியாக மேலே ஏறத் தொடங்கினான்.

அதே நேரம் ஆறாம் மாடியில் மான்திங் பெட்டியோடு லிஃப்டுக்குள் வந்தாள். கண் சிவந்திருந்தது. கை நீட்டி ஒன்றாம் எண்ணை அழுத்தினாள்.

5.

லிஃப்ட் இறங்குகிறது. கீழே கடை பூட்டியிருக்கிறது. மேலே டாக்ஸி பக்கத்தில் அவன் மூச்சு வாங்க நிற்கிறான், கையில் பொட்டலம் ஆறிக்கொண்டிருக்கிறது. பழைய தவறேதான், வாசல் மட்டும் மாறிவிட்டது.

சொன்னால் உடனே மேலே போவாள். அங்கே அவனும் இருக்கிறான், டாக்ஸியும் இருக்கிறது. எதில் கை வைப்பாளோ தெரியாது. சொல்லாவிட்டால், அவன் தன்னைக் கைவிட்டுவிட்டான் என்று பூட்டைப் பார்த்து நிற்பாள்.

அவனை மேலே அனுப்பியவனே நான்தானே, எந்த முகத்தோடு பேசுவது? நீங்களாவது சொல்லுங்களேன்.

மூன்றாம் மாடி தாண்டிவிட்டது. லிஃப்டில் நம்மைத் தவிர வேறு யாரும் இல்லை. அவள் உங்களைத்தான் பார்க்கிறாள்.