முதல் தாம்பூலம்

யாமினி செய்தது ஒரே ஒரு தப்பு. அதையும் ஆசை ஆசையாகச் செய்தாள்.

தொம்மலூரில் அவள் வாங்கிய ஃபிளாட்டுக்கு அன்று பால் காய்ச்சினார்கள். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்த பெண். சுரங்கத்தை மூடிய பிறகு, அப்பா ஜெயவேலு தினமும் பெங்களூருக்கு ரயிலில் வந்து செக்யூரிட்டி வேலை பார்த்து அவளைப் படிக்க வைத்தார். அந்த வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வரும். குடித்துவிட்டு டம்ளரை நீட்டினால் போதும். யாமினி இப்போது ஆபீஸ்காரி அல்லவா? லிஃப்ட் கதவைப் பிடித்தவனுக்கெல்லாம் தேங்க்ஸ் சொல்கிறோம், பெற்றவருக்கு ஒன்று சொல்லவில்லையே என்று அவளுக்கு ஒரே குடைச்சல்.

ஜெயவேலுவோ பெயிண்ட் அடித்த நாளிலிருந்து அந்த ஃபிளாட்டிலேயே கிடந்தார். பெயிண்டரை விரட்டினார், சொட்டிய குழாயை மாற்ற வைத்தார். விசேஷத்தன்று சாப்பிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு வாசலில் நின்று தன் கையால் தாம்பூலப் பை கொடுக்க வேண்டும் என்று வெள்ளைச் சட்டை வேறு தைத்திருந்தார். வீட்டுக்கு உடையவர் நிற்கிற இடம் அது.

பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே யாமினி வேட்டி, சால்வை, வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் ஒரு தட்டில் வைத்து, எல்லார் முன்னாலும் அப்பாவிடம் நீட்டினாள். எப்போதும் ‘நீ’ என்று கூப்பிடுகிறவள், போன் கேமராக்களைப் பார்த்து ‘நீங்க’வுக்கு மாறிவிட்டாள்.

"நீங்க இல்லன்னா நான் இல்லப்பா. ரொம்ப நன்றி."

அடுத்த தட்டு ஓஸ்வால்ட் அங்கிளுக்கு. அப்பாவின் ரயில் சிநேகிதர். அவள் காலேஜ் போன காலத்தில், தங்கவயலின் மாரிக்குப்பம் ஸ்டேஷனிலிருந்து பெங்களூர் வரும்வரை விடாமல் இங்கிலீஷில் பேச வைத்த மனுஷர். அவர் வாங்கிக்கொண்டு வாய் கொள்ளாமல் சிரித்தார். ஜெயவேலு சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணோம். அவர் துணிப்பையையும் காணோம்.

"அடிப்பாவி!" அம்மா வனஜா தலையில் அடித்துக்கொண்டாள். "தாம்பூலம் குடுத்தா போயிட்டு வாங்கன்னு அர்த்தம்டி. வாசல்ல நின்னு குடுக்க இருந்த மனுசன் கையிலயே மொதல் தட்டத் திணிச்சு, நன்றி வேற சொல்ற. அவரு இன்னா விருந்தாளியா? சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்துட்ட, போ!"

ஊருக்கு ரயில் ஏறத்தான் போயிருப்பார் என்று யாமினி வாசலுக்கு ஓடினாள். பட்டுப் புடவையோடு ஆட்டோவில் ஏறினாள்.

பையப்பனஹள்ளி ஸ்டேஷனில் அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் தட்டு. பக்கத்தில் ஓஸ்வால்ட் அங்கிள், "நான் சொல்லிப் பாத்துட்டேன்மா" என்று கையை விரித்தார்.

"ஏம்ப்பா சொல்லாம வந்துட்ட?"

"தட்டு குடுத்துட்ட, வாங்கிக்கினேன். அப்புறம் அங்க எனக்கு இன்னா வேல?" ஜெயவேலு தண்டவாளத்தைப் பார்த்தபடியே சொன்னார். "நன்றியும் சொல்லிட்ட. கணக்கு தீந்துச்சு."

ஆட்டோவில் வரும்போது யாமினி மன்னிப்புக் கேட்க நல்ல நல்ல வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எல்லாம் பறந்துபோய், அழுகையும் ஆத்திரமும்தான் வந்தன.

"எங்க தீந்துச்சு? வாஷிங் மெஷினுக்கு பைப் மாட்டல. பால்கனிக்கு வலை போடல. ராத்திரி தனியாப் படுக்க எனக்கு பயம்மா இருக்குது. நீ இருக்கிற தைரியத்துலதான வீடே வாங்கினேன்? ஒனக்கு ரூம்புல கட்டில் போட்டு வெச்சிருக்கேன், நீ ரயிலுக்கு வந்து குந்திக்கினு இருக்கிற. வாசல்ல ஜனம் நிக்குது, பை குடுக்க ஆளில்ல. எழுந்திருப்பா!"

பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. மாரிக்குப்பம் ரயில் வந்து நின்றது. ஓஸ்வால்ட் அங்கிள் மட்டும் ஏறிக்கொண்டார்.

"பொட்டப்புள்ள நடு ஸ்டேஷன்ல நின்னு இப்படியா கத்துறது? வளத்தவனச் சொல்லணும்" என்றார் ஜெயவேலு. வளர்த்தவர் யார் என்பது அப்புறம்தான் உறைத்திருக்க வேண்டும். மீசைக்குக் கீழே உதடு துடித்தது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார்.

"வந்த ஜனத்துக்கெல்லாம் பை பத்துமா? எண்ணிப் பாத்தியா, இல்ல அதையும் நான்தான் பாக்கணுமா?"

"நீதாம்ப்பா பாக்கணும்" என்றாள் யாமினி.