நாலாம் நம்பர் கட்டுரை

நிரந்தரப் பணிக்கு வந்த ஆறு கட்டுரைகளிலும் பெயரை மறைத்து, நம்பர் மட்டும் போட்டு வைத்திருந்தாள் அலுவலக அக்கா. இந்த ஏற்பாட்டுக்காக வரலாற்றுத் துறையில் ஒரு வருடம் அடிதடி நடக்காத குறைதான். "பேரை மறைச்சா ஆளை எப்படி எடை போடறது?" என்று குதித்தார் பெரிய பேராசிரியர். ஆள் என்று அவர் சொன்னது தோலின் நிறத்தை. இந்த மண்ணின் பழங்காலம் தன் இனத்தாருக்கு மட்டுமே விளங்குமாம். என்ன கொழுப்பு பாருங்கள்!

ஏழு வருடமாகத் தற்காலிகமாகவே பாடம் நடத்தி வந்த கறுப்பினத்து ஆசிரியை வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். இன்று வேலை கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் கிளம்ப வேண்டியதுதான். தங்கை போன் செய்தாள்.

"தேர்வுக் குழுவுல அந்தாளும் இருக்காரா?"

"அவர்தான்டி தலைவரே."

"போச்சு போ. மூட்டையைக் கட்டிக்கிட்டு என் வீட்டுக்கு வந்துடு."

போனை வைத்ததும் கதவு திறந்தது. கோப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வந்த அக்கா, பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"வேலை உனக்குத்தான்மா! மனுஷன் நாலாம் நம்பருக்குத் தொண்ணூத்தெட்டு மார்க் போட்டுட்டார். 'என் புத்தகத்துல இருந்த வருஷக் கணக்கையே திருத்தியிருக்கான், என் மாணவனைத் தவிர யாருக்கு இது வரும்'னு கைப்பட எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு. அப்புறம்தான் பேரைப் பிரிச்சேன். மூஞ்சியில ஈயாடல!"

"மார்க்கை மாத்திடுவாரோ?"

"பேனாவை எடுத்தார். மத்தவங்க விடுவாங்களா? கையெழுத்து கையெழுத்துதான்னு ஒரே பிடியா நின்னுட்டாங்க."

அப்பாடா! ஏழு வருடமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வர, அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பேராசிரியர் வெளியே வந்தார். பழக்கதோஷம், அவள் எழுந்து நின்றாள். அவர் அவளை முதல்முறை பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"இந்தக் கணக்கெல்லாம் யார்கிட்ட கத்துக்கிட்ட?"

"உங்ககிட்டதான் சார். ரெண்டு வருஷம் உங்க வகுப்புல முதல் பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன்."

அவர் திரும்பி மாடிப்படி இறங்கினார்.

அவள் தங்கையைக் கூப்பிட்டாள். "சாயங்காலம் வீட்டுக்கு வரேன்டி. மூட்டை இல்லாம."