முப்பதில் நின்ற கமரா

ஏன் ரெண்டு, ஏன் ரெண்டு என்று அந்த ஆமிக்காரன் சிங்களத்தில் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை, ஒரு மனிதனுக்கு எதற்கு இரண்டு கமரா... இந்தக் கேள்விக்குப் படம் எடுத்துப் பிழைக்கிற பஸ்தியான் எப்போதும் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறான், ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கும், கலியாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் கமரா இறுகிக்கொண்டால் மாப்பிள்ளையிடம் போய் இன்னொருக்காக் கட்டுங்கள் என்று கேட்க முடியுமா? அதையேதான் இப்போதும் சொன்னான், கல்பிட்டி ரோட்டில், பஸ்ஸிலிருந்து இறக்கி வரிசையில் விட்ட சனத்துக்கு நடுவில், கொஞ்சம் சிரித்தும் சொன்னான். சிரித்திருக்கக் கூடாதோ? ஆமிக்காரன் சிரிக்கவில்லை. இந்தப் பக்கம் நேவி முகாம் இருக்கிறது, எதைப் படம் பிடித்தாய், ஒன்றையாவது திறந்து காட்டிவிட்டுப் போ என்றான். பிலிம் சுருளைச் சுற்றி உள்ளே எடுத்துவிட்டுத் திறக்கிறேன் என்று பஸ்தியான் கெஞ்சினான். ஒன்றையும் திருகாதே, அப்படியே திற என்றான் அவன். மேசையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன, பஸ்காரன் ஹோர்ன் அடித்தான், அவனுக்கென்ன, அவனிடம் ஒரு பஸ்தானே இருக்கிறது.

திறந்தால் வெயில் பட்டு உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும்... பெரிய கமராவில் காலையில் அகதி முகாமில் எடுத்த அடையாள அட்டைப் படங்கள், முப்பத்திரண்டு முகம், மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு விரட்டப்பட்ட சனம். அதில் சித்தி லெய்லா என்ற மனுசி, புருசன் கொழும்பு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், அட்டை இல்லாமல் அவள் அங்கே போய்ச்சேர வழியில்லை, ஓலைக் கொட்டில் வாசலில் கதிரையில் நிமிர்ந்து இருந்து, "தம்பி, கண்ண மூடிட்டனா? இன்னொண்டு எடுங்களன்" என்று மூன்று தரம் கேட்டாள். சின்னக் கமராவில் ஜூலியானா, அவனுடைய மனைவி, முப்பது படமும் அவள்தான், லெபனானுக்கு வீட்டுவேலைக்குப் போவதற்கு முதல்நாள் பின்னேரம் தலவில கோயிலடிக் கடற்கரையில் எடுத்தது. காற்று சேலையை இழுக்க இழுக்க ஒரு கையால் பிடித்துக்கொண்டே நின்றாள். "இன்னும் ஆறு படம் மிச்சம் தானே, நான் வந்த பொறகு அதையும் எடுத்துட்டுக் கழுவுங்க, ரெண்டு பேருமாப் பாப்பம்." ஓம் என்றான். இரண்டு வருசம் என்று போனவள், நாலு வருசமாகிறது, கடைசிக் கடிதம் வந்தே ஒரு வருசம், இவன் எழுதியவை திரும்பி வந்தன... பெரிய கமரா ஒரு கோயில் திருநாளில் பழுதானபோதும் சின்னதைத் தொடாமல் இரவல் கமரா வாங்கித்தான் எடுத்தான். ஆகவே ஆமிக்காரனிடம் சொன்னது பொய், கைகொடுக்கவென்று அவன் அதைத் தூக்கித் திரியவில்லை. தனியாகப் பிரயாணம் போக முடியவில்லை, அவ்வளவுதான்.

"இதத் திறக்கிறன் சேர்." கை சின்னதுக்குத்தான் போனது. இடப்பக்கக் குமிழைப் பிடித்து இழுத்தான், மூடி விலகியது, முப்பதில் நின்ற எண் ஓடித் தொடக்கத்துக்கே போனது. உள்ளே சுருளின் நாக்கு மறுபக்க உருளையில் மாட்டுப்படாமல் சும்மா வளைந்து கிடந்தது. ஒரு படம்கூட நகரவில்லை. முப்பது தரமும் கமரா வெறுமனே சொடுக்கியிருக்கிறது. "ஒன்றும் இல்லையே," என்றான் ஆமிக்காரன், ஏமாந்தவன் மாதிரி, "சரி, போ."

பஸ் கிளம்பியது, களப்புப் பக்கத்திலிருந்து உப்புக் காற்று அடித்தது, இரண்டு கமராவும் மடியில். சித்தி லெய்லாவின் முகத்தைக் காப்பாற்றிவிட்டாய், நல்ல மனுசன்தான் பஸ்தியான்... அப்படியென்றால், நாலு வருசம் பிள்ளை மாதிரித் தூக்கித் திரிந்ததைத் திறக்க ஒரு நொடிகூடத் தயங்கவில்லையே? குமிழ்... அன்றைக்கு முப்பதாவது படம் எடுத்துவிட்டு அடுத்ததுக்கு நெம்புகோலை இழுத்தபோது, சுருள் நகர்ந்தால் கூடவே சுழல வேண்டிய அந்தக் குமிழ் அசையவில்லை. பார்த்தான். ஓம், பார்த்தான். வெயில் இறங்கிவிட்டது, படமென்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் அன்றைக்கு மட்டும் சிரித்துக்கொண்டு நின்றாள், அவளிடம் போய் எதைச் சொல்வது? வந்த பொறகு கழுவுங்க என்று அவளே சொன்னபோது நெஞ்சு எவ்வளவு லேசானது. பிறகு அந்தக் குமிழைப் பற்றி ஒருநாளும் நினைக்கவில்லை, நினைக்க விடவில்லை.

இனி அவளுக்குச் சொல்லலாம், ஆமிக்காரன் திறந்துவிட்டான் ஜூலியானா, எல்லாம் போய்விட்டது. நம்புவாள், யார்தான் நம்பமாட்டார்கள், அந்த ஆமிக்காரனைத் திட்டித் தீர்ப்பாள்... மனசுக்குள் ஏதோ பாரத்தை இறக்கி வைத்தது போல இருந்தது, அந்த ஆறுதலே அவனைத் திடுக்கிட வைத்தது. அப்படியென்றால், வா வா என்று கடிதம் எழுதிய இத்தனை நாளும், எங்கோ ஒரு மூலையில், அவள் வந்துவிடுவாளோ என்று பயந்தும் இருந்தானா? பாலாவிச் சந்தி வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். இனி அவள் வரலாம். எழுதத்தான் விலாசம் இல்லை.