பிஸ்தாவின் தீனியும் வெட்டப்பட்ட ஒரு வரியும்

1

இந்தக் கதை எனக்கு வாட்ஸாப்பில் வந்தது. உத்வேகம், தரிசனம் என்றெல்லாம் அளந்துவிட எனக்கும் ஆசைதான். என்ன செய்வது, வந்தது பிராணி நேசர்கள் குழு வழியாக. ராயப்பேட்டை ஜமீலுன்னிசா தன் பூனை பிஸ்தாவுக்கு உதவி கேட்டிருந்தார்.

முதல் தொடக்கம்: ‘மழை பெய்த ஒரு மாலையில், கண்ணீர் மல்க ஜமீலுன்னிசா—’

மழையுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. அது மே மாதம். அடித்துவிட்டேன்.

2

நடந்தது இதுதான். தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றுக்கு ஜமீலுன்னிசா சேலைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுத்துவந்தார். கடைக்காரர் அந்த வேலையை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார். அதே மாதம் பிஸ்தாவுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. (பூனைக்கு ஏது நேரம் காலம்!) டாக்டர் அடைப்பை எடுத்துவிட்டு, இனி இந்தத் தனித் தீனிதான், மறுபடி அடைத்தால் பிழைக்காது என்று சொல்லிவிட்டார்.

குழு பொங்கியது. நாற்பத்தொரு கும்பிடு, பதினேழு இதயம். “வசதியில்லாதவங்க ஏன் வளர்க்கணும்?” என்று கேட்டார் மயிலாப்பூர் சாருலதா. அவர் வீட்டு நாய் பிறந்தநாள் கேக் வெட்டிய படம் முந்தின நாள்தான் வந்திருந்தது. அடையாறு விஜயராகவன் ஒருபடி மேலே போய், “பூனையை நானே எடுத்துக்கறேன், ஞாயிற்றுக்கிழமை கூடையோட வரேன்” என்றார். தீனி வாங்கித் தர மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

3

கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். கஷ்டப்படுகிறவர் கொஞ்சமாவது அழ வேண்டாமா? ஜமீலுன்னிசாவுக்கே ஃபோன் போட்டுக் கேட்டேன்.

“நான் இன்னாத்துக்கு சார் அழணும்? கை நல்லாத்தான கீது! ஃபால்ஸ் அடிச்சுத் தரேன், கூலிக்குப் பதிலா தீனி வாங்கிக் குடுங்கன்னுதான் கிளினிக்ல எழுதிக் குடுத்தேன். அந்த வரிய எவன் சார் எடுத்தது? இப்போ ஊரே என்னைப் பிச்சக்காரின்னு நெனச்சு, என் புள்ளயத் தூக்கிக்கினு போக கூடயோட வருது!”

[‘எவன்’ என்பதற்கு அடிக்குறிப்பு: குழுவில் விளம்பரத்துக்கு அனுமதியில்லை. கிளினிக் அனுப்பிய வேண்டுகோளைக் குழுவில் போடும்போது அட்மின் அந்த வரியை எடுத்துவிட்டார். அட்மின் நான்தான். இந்தக் கதையின் முதல் பிரதியிலும் அது இல்லை. உருக்கம் கெட்டுவிடும் என்று விட்டிருந்தேன்.]

4

முடிவு அ: விஜயராகவன் மனம் மாறி, கூடை நிறையத் தீனியோடு வருகிறார். (யார் நம்புவார்?)

முடிவு ஆ: பிஸ்தா செத்துப்போகிறது. கதைக்குப் பரிசு நிச்சயம். எழுதவும் தொடங்கினேன்: ‘வாசலில் காலிக் கிண்ணம்—’

வெட்கமாக இருந்தது. நிறுத்திவிட்டேன்.

இன்று சனிக்கிழமை. அந்த வரியைக் குழுவில் திரும்பப் போட்டு, வெட்டியவன் நானே என்றும் எழுதிவிட்டேன். எல்லோரும் படித்திருக்கிறார்கள். இதுவரை ஒரு கும்பிடுகூட வரவில்லை. என் மனைவி ஃபால்ஸ் அடிக்காத மூன்று சேலைகளை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அந்தக் கூலி இரண்டு வாரத் தீனிக்குக்கூடக் காணாது. நாளைக் காலை பத்து மணிக்குக் கூடை வருகிறது.

இதற்கு மேல் என்னிடம் முடிவு இல்லை. உங்கள் வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள்.