ஈரக் கரி

கிளியம்மாள் முதல் குடத்தைச் சாய்க்கப்போன நேரத்தில்தான் இசைவாணி கணவனின் நகங்களைப் பார்த்தாள்.

வாசலில் போட்ட பெஞ்சின் மேல் அன்பு படுத்திருந்தான். உச்சியில் எண்ணெயும் சீயக்காயும் வைத்தாகிவிட்டது. கால் கட்டைவிரல்களைப் போலவே கைக் கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டி மார்பின் மேல் வைத்திருந்தார்கள். பத்து விரல்களிலும் நகம் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. ஒரு சுண்டுவிரலில் சதையே கொஞ்சம் பெயர்ந்திருந்தது. அவசரத்தில் வெட்டிய கை.

"அத்தை, ஊத்தாதீங்க" என்றாள்.

மாமியார் குடத்தோடு அப்படியே நின்றாள். தெருமுனையில் அடித்துக்கொண்டிருந்த பறை இன்னும் ஓயவில்லை.

அன்புவின் நகத்தை வெட்டுவது இசைவாணிதான். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது பாதி பிளேடை வைத்துக்கொண்டு உட்காருவாள். கம்பெனியில் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் வாட்டர் பிளான்டில் அவனுக்கு வேலை. அங்கே நகத்தில் ஏறும் கறுப்பு, சோப்புக்குப் போகாது. தேங்காயெண்ணெயில் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். போன ஞாயிறு ஏதோ சண்டை. நீயே வெட்டிக்கோ என்று பிளேடைச் சன்னலில் வைத்துவிட்டாள். அது இன்னும் அங்கேயேதான் இருந்தது. நேற்றுக் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போதும், சோற்று டப்பாவை வாங்கிக்கொண்ட கையில் பத்து நகமும் பிறை பிறையாகக் கறுத்திருந்ததை அவள் பார்த்திருந்தாள்.

காலையில் கம்பெனி வண்டியில் உடல் வந்தபோது ஊரே மெச்சியது. குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, நாடிக்கட்டுப் போட்டு, மூக்கில் பஞ்சு வைத்து, நெற்றியில் சந்தனம்கூட இட்டு அனுப்பியிருந்தார்கள். ஷிப்ட் முடிந்து சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தானாம். கம்பெனி வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்களாம். வழியிலேயே உயிர் போய்விட்டதாம். பெத்தவங்க மாதிரி பாத்துகினாங்க என்று யாரோ சொன்னபோது இசைவாணியும் நன்றியில் கைகூப்பினாள். இப்போது அந்த நன்றி கெட்டுப்போன பால்போல் திரிந்தது.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கம்பெனி அதிகாரி சண்முகசுந்தரத்திடம் போனாள். மரியாதைக்காக ஷூவைக் கழற்றிவைத்துவிட்டு வெறும் சாக்ஸோடு இருந்தார்.

"அவுரு நகத்த யாரு சார் வெட்டுனது?"

"ஆஸ்பத்திரியில வெட்டியிருப்பாங்கம்மா."

"வழியிலேயே செத்தவனுக்கு ஆஸ்பத்திரியில நகம் வெட்டுவாங்களா?"

அவர் கூட்டத்தில் நின்ற அன்புவின் அண்ணன் இராமச்சந்திரனைத் தேடினார். இராமச்சந்திரனின் வேன் அதே கம்பெனிக்குத்தான் ஆள் ஏற்றி இறக்கியது. அவன் விரைந்து வந்து, இன்னா வாணி, சாவு வூட்ல போய் நகம் பல்லுனு பேசிகினு என்று அவளைத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தான். தோளில் பட்ட கையை அவள் உதறவில்லை. அந்தக் கை இல்லாததுபோல் பெஞ்சுக்கு நடந்தாள்.

வாசலில் நின்றவர்கள் அவள் அழத்தான் குனிகிறாள் என்று நினைத்தார்கள். அவள் அன்புவின் மூக்கிலிருந்த பஞ்சை இரண்டு விரலால் பற்றி மெல்ல இழுத்தாள்.

வெளியே தெரிந்த பாதி வெள்ளையாக இருந்தது. உள்ளே இருந்த பாதி, எரிந்து அணைந்த திரியின் முனைபோல் கறுத்து, ஈரமாக, மணல் மணலாக வந்தது.

அவளுக்கு அந்தக் கறுப்பைத் தெரியும். கல்யாணமான புதிதில் ஒருநாள் அன்பு ஒரு பிடி கரியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தான். கொட்டாங்கச்சியைச் சுட்டுச் செய்வது, கடுகுபோல் குறுணை குறுணையாக இருந்தது. கண்ணாடி டம்ளரில் சொட்டு நீலம் கலந்து, அதில் கரியைப் போட்டுக் கலக்கி, துணியில் வடித்துக் காட்டினான். தண்ணீர் கண்ணாடிபோல் நின்றது. கார் பாகங்களுக்கு முலாம் பூசிக் கழுவிய தண்ணீரை இப்படித்தான் வெளியே விடுகிறோம் என்றான். அழுக்கு எங்கே போயிற்று என்று கேட்டாள். கரிக்குள்ளே என்றான். அப்புறம் அந்தக் கரி? அதை நாங்கதான் உள்ளே இறங்கி அள்ளணும் என்று சிரித்தான். அவளுடைய கோபங்களையும் அவன் அப்படித்தான் பதில் பேசாமல் வாங்கிக்கொள்வான். இத்தனை வருஷத்தில் அவை எங்கே போயின என்று மட்டும் அவள் கேட்டதே இல்லை.

பஞ்சைக் கைக்குள் மூடிக்கொண்டு நிமிர்ந்தாள். கூட்டத்துக்குப் பின்னால், காலையிலிருந்து தலை நிமிராமல் நின்ற தாவீது கண்ணில் பட்டான். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை, பிள்ளைப்பாக்கத்தில் ரூம் எடுத்துத் தங்கி அன்புவோடு அதே பிளான்டில் வேலை செய்கிறவன். மாசத்தில் இரண்டு ஞாயிறு இந்த வீட்டில்தான் அவனுக்குச் சோறு.

"தம்பி, உங்க அண்ணன் பஸ் ஸ்டாப்லதான் உயுந்தாரா?"

தாவீது அதிகாரியைப் பார்த்தான். பிறகு பெஞ்சைப் பார்த்தான்.

"இல்ல மதினி. டாங்குக்குள்ளதான் கெடந்தாவ."

பறை நின்றிருந்தது. அவன் மெல்லிய குரலில் சொன்னது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. கம்பெனியில் சோதனைக்கு ஆள் வருவதாக இருந்ததாம். கரியை உடனே மாற்றச் சொன்னார்களாம். பல நாளாக மூடிக்கிடந்த டாங்கைத் திறந்ததும் அன்பு இறங்கினானாம். கயிறு கட்டவில்லை. காற்று ஊதும் மிஷினும் போடவில்லை.

"உள்ள நாத்தமே இல்ல மதினி. மத்த தொட்டியெல்லாம் கொடல பொரட்டும், அதுல எறங்க பயந்துக்கிடுவோம். இதுல நாத்தம் இல்லல்லா, ஒண்ணும் செய்யாதுன்னு இருந்துட்டோம். அண்ணன் ரெண்டு சட்டி அள்ளிக் குடுத்தாவ. மூணாவது சட்டிக்கு கைய நீட்டுதேன், ஆளு குப்புற கெடக்காவ." அதிகாரி பக்கம் திரும்பினான். "ஈரக் கரி காத்தையும் குடிச்சிரும், மூச்சு விட ஏதும் மிஞ்சாதுன்னு எஞ்சினியர் போன்ல சொல்லிட்டு இருந்தாரு. அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

சண்முகசுந்தரம் எழுந்துவிட்டார். துக்கத்தில் இருக்கிறார்கள், இப்போது எதையும் கிளற வேண்டாம், வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிடுங்கள் என்று பொதுவாகச் சொன்னார். இராமச்சந்திரன் இசைவாணியின் காதருகே வந்தான்.

"கேன்டீன்ல உனக்கு வேல போட்டுத் தராங்களாம். நான் பேசிட்டேன். போலீசு வந்தா ஒடம்ப கீறிடுவாங்க வாணி. கீறிப் பாத்து இன்னா வரப்போவுது? செத்தவன் வருவானா?"

"எங்க செத்தாருன்னு வரும், மாமா."

அவன் அவளை விட்டுவிட்டுத் தாயிடம் திரும்பினான். "நீ ஊத்தும்மா. தண்ணி ஊத்திட்டா எல்லாம் அடங்கும்."

அதுதான் இசைவாணிக்குப் பயம். தண்ணீர் ஊற்றிவிட்டால் மாலை, மாலைக்குப் பின் பாடை, பாடைக்குப் பின் நெருப்பு. நடுவில் நிறுத்த எந்த இடமும் இல்லை. மாமியார் அவள் பேச்சைக் கேட்டுப் பழக்கமில்லாதவள். இசைவாணி மூடிய கையை அவள் முன் நீட்டித் திறந்தாள்.

கிளியம்மாள் பஞ்சைப் பார்த்தாள். குனிந்து, சதை பெயர்ந்த மகனின் சுண்டுவிரலைத் தொட்டாள். பிறகு இடுப்பிலிருந்த குடத்தை ஒரு சொட்டும் சிந்தாமல் தரையில் வைத்தாள்.

"என் புள்ளய எவன்டா குளிப்பாட்டுனது?"

கத்தவில்லை. அதிகாரியின் சாக்ஸ் கால்களைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டாள். அவள் குடத்தின் பக்கத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் எடுத்துவந்த மற்ற பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் குடங்களையும் இறக்கிவைத்தார்கள். இராமச்சந்திரன் எதிரே பூட்டிக்கிடந்த தன் வேனின் மேல் போய்ச் சாய்ந்துகொண்டான்.

தாவீது சைக்கிளை எடுத்தான். ஸ்டேஷனுக்குத்தான் போகிறான் என்று இசைவாணிக்குப் புரிந்தது.

"உன் வேல போயிடும் தம்பி."

"போட்டும் மதினி. அந்த டாங்குல பாதிக் கரி அப்படியே கெடக்கு. அடுத்து எறங்க வேண்டியவன் நாந்தான்."

அவன் போனபின் சண்முகசுந்தரம் ஷூவை மாட்டிக்கொள்ளப் போனார். லேஸ் முடிச்சு விழுந்துவிட்டது. வாசலில் இருந்த அத்தனை பேரும் அவர் அதை அவிழ்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெயில் ஏறியது. பெஞ்சுக்கு மேல் யாரோ ஒரு புடவையை நிழலுக்குக் கட்டினார்கள். குடங்களின் தண்ணீரில் காற்று வந்து வந்து போயிற்று. இசைவாணி அன்புவின் தலைமாட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரி காப்பி கொண்டுவந்தாள்.

"காலையிலிருந்து பச்சத் தண்ணி குடிக்கல நீ. கைய கழுவிகினு இத குடி."

"வேணாங்க்கா, இந்தக் கைய கழுவல" என்றாள் இசைவாணி. பஞ்சோடு மூடிய வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையை நீட்டி டம்ளரை வாங்கிக் குடித்தாள்.