சுபத்துக்குப் பிறகு ஒரு ரீல்

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு டிவியில் பழைய படம் போடுவார்கள். பக்கிரிசாமியைக் கேட்டால் போடுவதில்லை, கொத்துகிறார்கள் என்பார். பாட்டை வெட்டுவான், வசனத்தை வெட்டுவான், கதாநாயகி அழ ஆரம்பிக்கும் நேரம் பார்த்து முடி கொட்டாமலிருக்க எண்ணெய் விற்க வந்துவிடுவான். கே.வி. தனபாலனின் நெற்றி மேலேயே சேனல் சின்னத்தை ஒட்டி வைத்திருப்பான், ஏதோ அந்த மனுஷனுக்கு இவன்தான் விபூதி பூசி வளர்த்தவன் மாதிரி. இந்தக் கூத்தைத் திட்டுவதற்காகவே பக்கிரிசாமி வாரம் தவறாமல் ரெண்டரைக்கே ஷேக் அலாவுதீனின் சாப்பாட்டுக் கடைக்கு வந்து, காற்றாடிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்.

வயது அறுபத்தொன்பது. பினாங்குத் துறைமுகத்தில் முப்பத்தைந்து வருஷம் சரக்குக் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலில் வந்த சரக்கில் ஒரு பெட்டி குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று பேர். அந்தப் பேர் தலைக்கேறி, உலகத்தில் மற்ற எல்லாரும் எதையோ தவறவிட்டவர்கள்தான் என்ற முடிவுக்கு எப்போதோ வந்துவிட்டார்.

அவரோடு உட்காருகிற கூட்டம் ஒன்றும் பெரிதில்லை. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசரான புவனேஸ்வரன் ஒருவன். ஐம்பது வயதாகியும் அவர் எதைச் சொன்னாலும் "ஆமாண்ணே" போடுகிறவன். இன்னொருவர் ருக்குமணி. பட்டர்வொர்த்தில் பள்ளிக்கூட கேன்டீன் நடத்தி மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். ஞாயிறானால் ஃபெரி ஏறி இந்தப் பக்கம் வந்துவிடுவார். அவருக்கு நடிகர் என்றால் தேவநாதன் ஒருத்தர்தான். பக்கிரிசாமிக்கு அந்தப் பேரைக் கேட்டாலே குமட்டும்.

"தேவநாதன் நடிகரா? மரத்துக்குச் சட்டை மாட்டி விட்டாக்கூட இலையாவது அசையும்லா."

"மரம்னாலும் பாக்க லட்சணமா நின்னாரு அண்ணே. உங்க ஆளு அழுது அழுதே ஊரை நனைச்சாரு" என்பார் ருக்குமணி, பாலில்லாத கோப்பி ஓவை ஆற்றிக்கொண்டே.

கல்லாவில் இருக்கும் அலாவுதீன் நானா இதில் எதிலும் தலையிடமாட்டார். தலையிட்டாலும் பக்கிரிசாமி விடமாட்டார். "நானா, நீ தே தண்ணிய கலக்கு, சினிமாவைக் கலக்காத" என்று ஒரே வெட்டாக வெட்டிவிடுவார். நாற்பது வருஷமாக அந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறாரே, கடை வைப்பதற்கு முன்னால் அந்த மனுஷன் என்ன வேலை பார்த்தார் என்று ஒருநாள் கேட்டதுண்டா? கிடையாது. தே கலக்குகிறவரிடம் கேட்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு.

இதெல்லாம் சில்லறைச் சண்டை. பெரிய சண்டை ஒன்று இருந்தது. அதற்குப் பேர் 'ஏழுகடல் தீர்ப்பு'.

எழுபத்து மூன்றில் வந்த தனபாலன் படம். பினாங்கில் ஆறே நாள் ஓடியது. கடைசி நாள் மேட்னிக்குப் போய் பக்கிரிசாமி பார்த்தார். அதற்குப் பிறகு அதன் பிரிண்ட் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. டிவியிலும் வரவில்லை, கேசட்டிலும் வரவில்லை. அதனால் அந்தப் படத்தைப் பற்றி அவர் சொன்னதுதான் சட்டம்.

அவர் சொல்வது இதுதான். தனபாலன் கோயில் படியில் சுடப்பட்டு, குமுதினி மடியில் தலை வைத்துச் செத்துப்போகிறார். திரையில் சுபம் என்று போடுகிறான். ஜனம் எழுந்து செருப்பைத் தேடுகிறது. அப்போதுதான் டைரக்டர் தன் வேலையைக் காட்டுகிறான். படம் மறுபடி ஆரம்பிக்கிறது. அதே தனபாலன், அதே கோயில், மாலையும் கழுத்துமாகக் கல்யாணம். அப்புறம் படகில் ஒரு பாட்டு. பாட்டின் கடைசி வரியில் அவர் திரும்பி நம்மைப் பார்த்து ஒரு சிரிப்பு. அதோடு விளக்கு போட்டுவிடுகிறார்கள்.

"செத்தவனைச் சிரிக்க வச்சு வீட்டுக்கு அனுப்புறான் பாரு, அவன் டைரக்டர்" என்பார் பக்கிரிசாமி. "பாதி ஜனம் சுபத்தைப் பாத்துட்டு எழுந்து போயிருச்சு. மூளை இருந்தவன் மட்டும் உக்காந்தான். எங்கப்பா செத்து நாப்பதாம் நாளு அது. நான் உக்காந்தேன்."

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் ஏளனம் இருக்காது. சொல்லி முடித்ததும் திரும்ப வந்துவிடும்.

ருக்குமணியும் அதே படத்தை அதே நாளில் பட்டர்வொர்த்தில் பார்த்தவர். அந்தக் காலத்தில் ரெண்டு கொட்டகைக்கும் ஒரே பிரிண்டுதான். அங்கே படம் முன்னாலேயே ஆரம்பித்துவிடும். ஓடி முடிந்த ரீல்களை டப்பாவோடு ஃபெரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து ஓட்டுவார்கள். முதல்முதலாகப் பக்கிரிசாமி கதையைச் சொன்ன அன்றைக்கே ருக்குமணி சொன்னார்: "இல்லைண்ணே, கல்யாணம் முன்னாடி. அப்புறந்தான் சாவு. சாவோட முடிஞ்சுது."

"நீ தூங்கியிருப்ப" என்றார் பக்கிரிசாமி.

அவ்வளவுதான். கடையே சிரித்தது. அன்றிலிருந்து முப்பது வருஷம், ருக்குமணி எந்தப் படத்தைப் பற்றி வாயைத் திறந்தாலும் "அக்கரைக்காரங்க தூக்கத்துல பாத்த படத்தையெல்லாம் இங்க பேசக்கூடாது" என்று பக்கிரிசாமி அடைத்துவிடுவார். ருக்குமணி அந்தப் படத்தைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். ஆனால் வருவதை விடவில்லை. தேவநாதனுக்காக வந்தாரோ, இதற்காக வந்தாரோ, அவருக்கே வெளிச்சம்.

இந்த நிலையில்தான் படம் கிடைத்துவிட்டது. மெட்ராஸில் எங்கோ ஒரு கிடங்கில் முழுப் பிரிண்ட் இருந்ததாம், கழுவித் துடைத்து எடுத்துவிட்டார்களாம். டிவியில் போடப்போகிறார்கள், வெட்டாமல். படத்துக்கு முன்னால் அதை அந்தக் காலத்தில் பார்த்த ஒரு ரசிகர் மூன்று நிமிஷம் பேச வேண்டும். புவனேஸ்வரன் பக்கிரிசாமி பேரை அனுப்பி வைத்தான். டிவியிலிருந்து துளசி என்று ஒரு பெண் கேமராவோடு வந்தாள்.

"அங்கிள், தனபாலன் சார் இப்ப எங்க இருக்காரு?"

"செத்து முப்பத்தஞ்சு வருஷமாச்சும்மா. டிவியில அதை யாரும் சொல்லலியா?"

அந்தப் பிள்ளை முகம் சுருங்கிப்போனது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. சுபத்துக்குப் பிறகு வரும் ரீலைப் பற்றிப் பொழிந்து தள்ளினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "எங்க கூட்டத்துல ஒரு அம்மா இருக்கு, அக்கரை ருக்குமணி. கொட்டகையில நல்லாத் தூங்கிட்டு, அப்படி ஒரு சீனே இல்லைன்னு இன்னும் சாதிக்குது. இந்த ஞாயித்துக்கிழமை பாத்து முழிக்கட்டும்" என்றும் சொன்னார்.

"பேரைப் போடலாமா அங்கிள்?"

"தாராளமா."

அந்த ஞாயிற்றுக்கிழமை புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தார். டிவியில் தன் முகத்தைப் பார்த்ததும் சேனல் சின்னம் எங்கே என்று தேடினார். தோளுக்கு ஓரமாகத்தான் இருந்தது, பரவாயில்லை. கடையில் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் பேச்சில் சுபம் வந்தது, கல்யாணம் வந்தது, அக்கரை ருக்குமணியும் வந்தார். பெர்லிஸிலிருந்து ஜொகூர் வரைக்கும் நாடே பார்க்க ருக்குமணி தூங்கினார்.

ருக்குமணியின் கைப்பேசி அடித்தது. கெப்பாலா பத்தாஸிலிருந்து மகன். அவன் குரல் மேசை முழுக்கக் கேட்டது. "அம்மா, டிவியில உங்களையா சொல்றாங்க? சம்பந்தி வீட்டு ஆளுங்க எல்லாம் இங்கதான் உக்காந்திருக்காங்க."

"படத்தைப் பாரு" என்று சொல்லிவிட்டு வைத்தார். பக்கிரிசாமி பக்கம் திரும்பவே இல்லை.

படம் ஓடியது. பக்கிரிசாமி ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் அடுத்து என்னவென்று சொல்லிக்கொண்டே வந்தார், புவனேஸ்வரன் ஆமாண்ணே போட்டுக்கொண்டே வந்தான். ஐந்தரை மணிவாக்கில் கோயில் வந்தது. "இப்பப் பாரு, சுடுவான்" என்றார்.

யாரும் சுடவில்லை. மேளம் கொட்டியது. தனபாலன் மாலையும் கழுத்துமாகக் குமுதினிக்குத் தாலி கட்டினார். படகுப் பாட்டு வந்தது. கடைசி வரியில் திரும்பிப் பார்த்து அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பை ஐம்பது வருஷம் கழித்துப் பார்த்த மனுஷனுக்குச் சந்தோஷமா வந்தது? நாற்காலியை டிவி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் கோயில் படி, துப்பாக்கி, குமுதினி மடி. சுபம்.

பக்கிரிசாமி காத்திருந்தார். முடி எண்ணெய் வந்தது. அதற்குப் பிறகும் காத்திருந்தார். சமையல் நிகழ்ச்சி ஆரம்பித்தது.

"மாத்திட்டானுங்க" என்றார். "ரீலை மாத்திப் போட்டுட்டானுங்க, படிக்காத பயலுங்க. புவனா, எடு போனை. எழுது. 'மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு, தங்கள் நிலையத்தில் வேலை செய்யும் அறிவிலிகள்...' எழுதுறியா? எல்லாரும் சாட்சிக்குப் பேரைப் போடுங்க. நானா, நீயும்தான்."

அலாவுதீன் எழுந்து வந்து டிவியை அணைத்தார். எழுபத்து மூன்று வயது, முட்டி வலி, மெதுவாகத்தான் வந்தார். பக்கிரிசாமிக்கு எதிரே உட்கார்ந்தார். வாடிக்கையாளர் மேசையில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"பக்கிரி, அந்த ரீலைக் கொண்டாந்தது நான்."

"எந்த ரீலை?"

"கடை வைக்கிறதுக்கு முன்னாடி கொட்டகைக்கு ரீல் தூக்குனேன். பட்டர்வொர்த்துக்கும் இங்கயும். அன்னைக்கு மேட்னிக்குக் கடைசி நடை, ரெண்டு டப்பா. ஃபெரிக்கு நேரம் இருக்கேன்னு கரையில தே குடிச்சேன். சங்கு ஊதிட்டான். ஒரு டப்பாவைத் தூக்கிட்டு ஓடிட்டேன். நடுக்கடல்ல வந்துதான் கையைப் பாக்குறேன், ஒண்ணுதான் இருக்கு. அதுவும் கடைசி ரீலு."

பக்கிரிசாமி அணைத்திருந்த டிவியைத் திரும்பிப் பார்த்தார்.

"இங்க ஜனம் விசிலடிச்சு நாற்காலிய உடைக்கப் பாக்குது. ஆப்பரேட்டர் இருக்கிறதைப் போட்டுட்டாரு. தேக்கடைக்காரர் மத்த டப்பாவை அடுத்த ஃபெரியில கொடுத்தனுப்பினாரு. அது வந்து சேரவும் சுபம் போடவும் சரியா இருந்துச்சு. டிக்கெட் எடுத்தவனை ஏமாத்தக்கூடாதுன்னு அதையும் போட்டாரு. வேற ஒண்ணுமில்லை."

"உனக்கென்ன தெரியும்" என்று ஆரம்பித்தார் பக்கிரிசாமி. அலாவுதீன் விடவில்லை.

"பாதிப் பேரு போயிட்டாங்க. மூணாவது வரிசையில ஒரு பையன் மொட்டைத் தலையோட உக்காந்து அழுதுக்கிட்டிருந்தான். நான் கதவோரம் நின்னு, வேலை போகப் போகுதேன்னு வேர்த்துக்கிட்டிருந்தேன். பின்னால நீ இங்க வந்து கதை சொன்னப்பதான் அது நீன்னு தெரிஞ்சுது. அப்பவே சொல்லியிருக்கணும். உன் மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்ல மனசு வரலை. இன்னைக்கு இந்த அம்மா பேரை ஊரு பூரா இழுத்துட்ட. இனிமே சொல்லாம இருந்தா நான் மனுஷனில்லை."

ஒரு பெட்டி குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவர். ஐம்பது வருஷமாக எழுந்து போன ஜனத்தை முட்டாள் என்று திட்டியிருக்கிறார். அந்த முட்டாள்கள் எல்லாரும் சரியான இடத்தில்தான் எழுந்திருக்கிறார்கள். அவர் தலையில் தூக்கிவைத்து ஆடிய டைரக்டர் ஒரு சாதாரண ஆள். அவர் பார்த்த படத்தை யாரும் எடுக்கவே இல்லை.

புவனேஸ்வரனுக்குக்கூட ஆமாண்ணே வரவில்லை. எல்லாரும் ருக்குமணியைப் பார்த்தார்கள். அவர் கோப்பியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். அவர் நாலு கேள்வி கேட்டிருந்தால் பக்கிரிசாமிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"புவனா, எழுதினதை அழி" என்றார் கடைசியில். "வேற எழுது. 'இன்று நான் பேசியது தவறு. அந்த அம்மையார் தூங்கவில்லை. படத்தைச் சரியாகப் பார்த்தவர் அவர்தான். அடுத்த வாரம் இதை டிவியில் வாசிக்கவும்.'" ஒரு விரலைத் தூக்கினார். "'இருந்தாலும் நான் பார்த்த வரிசையே சிறந்த வரிசை.' அதையும் போடு."

"அதை எடுங்க" என்றார் ருக்குமணி.

பக்கிரிசாமி அவரைப் பார்த்தார். அந்த அம்மா கண்ணில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. தேவநாதனை மரம் என்று சொன்ன ஆளைப் பார்க்கிற பார்வைதான் இருந்தது.

"எடுத்துரு" என்றார் புவனேஸ்வரனிடம்.

"அம்மையார்னு மொட்டையா போடாதீங்க. தூங்குனப்ப பேரைப் போட்டாங்கல்ல. முழிச்சிருந்ததுக்கும் பேரைப் போடுங்க. ஊரையும் போடுங்க" என்றார் ருக்குமணி.

"என்ன ஊருன்னு போடட்டும் அக்கா?" என்று புவனேஸ்வரன் பழக்கதோஷத்தில் பக்கிரிசாமியின் முகத்தைப் பார்த்தான். அக்கரை என்பதைத் தவிர வேறு பேர் அந்த வாயிலிருந்து அவன் கேட்டதில்லை.

பக்கிரிசாமி கையை நீட்டிப் போனை வாங்கினார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, 'பட்டர்வொர்த் ருக்குமணி' என்று அடித்தார். அனுப்புவதற்கு முன்னால், சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ருக்குமணியிடமே போனை நீட்டினார்.