சூட்டில் திறக்கும் கதவு

ஸ்வான்யே தன் ஆய்வேட்டிலிருந்து அந்த ஒரு வரியை நீக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவளுடைய டாக்டர் பட்டமே அந்த வரியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆர்க்கியா தன் மரபணுவைப் படியெடுக்கத் தொடங்கும்போது, டி.என்.ஏ-வின் இரட்டை இழையைத் திறக்க எரிபொருள் தேவையில்லை." இவ்வளவுதான் வரி. கொதிக்கும் கடலடி ஊற்றில் குடித்தனம் நடத்துகிற நுண்ணுயிர்தான் அவளுடைய ஆர்க்கியா. பார்வைக்குப் பாக்டீரியா மாதிரி இருந்தாலும் இந்தக் காரியத்தில் அது ஈஸ்டுக்கும் மனிதருக்கும் பங்காளி. தொடங்குமிடத்தைக் கண்டுபிடிக்க ஒரு புரதம், படியெடுக்கும் நொதியை அங்கே கூட்டிவந்து உட்காரவைக்க இன்னொரு புரதம். இரண்டு வீட்டிலும் இவை ஒரே ஜாடை. ஆனால் ஈஸ்ட் வீட்டில் அதோடு முடியாது. ஒரு பட்டாளமே வர வேண்டும், அதில் ஒன்று ஏ.டி.பி என்கிற எரிபொருளைத் தின்றுதான் இழையைப் பிரிக்கும். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பது நுண்ணுயிருக்கும் பொருந்தும் போலும்.

பட்டத்துக்கான இரண்டாம் தேர்வாளர் பேராசிரியர் ரைண்டல். ஆயுள் முழுக்க ஈஸ்டோடு வாழ்ந்தவர். "உன் கலவையில எரிபொருளும் அதைத் தின்னுற ஏதோ ஒண்ணும் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. வரியை எடு, கையெழுத்துப் போடுறேன்" என்று சொல்லிவிட்டார்.

ரைண்டலின் மாணவன் கொர்பினியான் தினமும் ஸ்வான்யேயோடுதான் சாப்பிடுவான். தெற்கு ஜெர்மனியில் டான்யூப் ஆற்றங்கரையிலுள்ள ரேகன்ஸ்பர்க்காரன், வாய் அதிகம்; அவளோ ஜெர்மனியின் வடகோடிக்காரி. அன்று உணவகத்தில் வெள்ளை சாசேஜின் தோலை உரித்தபடி வம்பிழுத்தான்.

"வடக்கத்திக்காரியோட பிடிவாதத்தைப் பாரு! எங்க ஈஸ்ட் பீர் குடுத்துச்சு, ரொட்டி குடுத்துச்சு. உன் பூச்சி என்னடி குடுத்துச்சு?"

"அது யார்கிட்டயும் எதையும் கேட்டதில்லடா. அதான் அதோட பெருமை. சந்தேகமா இருந்தா நீயே செஞ்சு பாரு. உன் ரூம், உன் கை. நான் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன்."

அவன் ஒப்புக்கொண்டான். சோதனை எளிது. டி.என்.ஏ-வோடு இரண்டு புரதங்களையும் நொதியையும் கலந்து, எரிபொருள் சேர்க்காமல் எழுபது டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைக்க வேண்டும். பிறகு ஊதா பெர்மாங்கனேட் ஊற்ற வேண்டும். இழை திறந்திருந்தால் பெர்மாங்கனேட் அந்த இடத்தைக் கடிக்கும். கடித்த இடம் எக்ஸ்ரே ஃபிலிமில் கரும்பட்டையாகத் தெரியும்.

கொர்பினியான் கொண்டுவந்த ஃபிலிமில் ஒரு பட்டைகூட இல்லை.

"மன்னிச்சிரு ஸ்வான்யே. புரொஃபசர் கேட்டாரு, காட்டிட்டேன்."

நாளை மறுநாள் தேர்வு. ஆனால் தன் கணக்கு தப்பாது என்பதில் அவளுக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. தப்பு இவன் கையில்தான் இருக்க வேண்டும்.

"என்ன செஞ்சியோ அதை அப்படியே செஞ்சு காட்டு."

அவன் கலந்தான். தொட்டியில் வைத்தான். நேரம் வந்ததும் குழாயை வெளியே எடுத்து, மேஜைமேல் இருந்த தாங்கியில் செருகி, பெர்மாங்கனேட் புட்டியைத் திறந்தான்.

"நிறுத்து! வெளிய எடுத்துட்டா ஊத்துன?"

"பின்ன? நாங்க எப்பவும் மேஜைலதான் ஊத்துவோம்."

"மண்டு! உன் ஈஸ்டுக்கு இந்த ரூம் சுகமா இருக்கலாம். என் பூச்சிக்கு இது ஜனவரி மாச டான்யூப். சூடு ஆறின உடனே திறந்த கதவு சாத்திக்கும்டா. தொட்டிக்குள்ளயே ஊத்து!"

கொர்பினியானின் காது சிவந்துபோனது. விரல் வெந்தாலும் பரவாயில்லை என்று குழாயைத் தொட்டியிலேயே வைத்து ஊற்றினான். புது ஃபிலிமில் கரும்பட்டைகள் பளிச்சென்று விழுந்தன. வெறும் டி.என்.ஏ-வை அதே சூட்டில் வைத்த வரிசை காலியாகவே இருந்தது. வெறும் சூடு திறக்கவில்லை என்பதற்கு அது சாட்சி. ஸ்வான்யே அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

தேர்வன்று அறை நிறைய ஆட்கள். ஸ்வான்யே புது ஃபிலிமைக் காட்டினாள். ரைண்டல் பழைய ஃபிலிமைத் தூக்கிப் பிடித்தார்.

"அப்போ இது என்னம்மா?"

"அதை ஆற விட்டு எடுத்தாங்க, புரொஃபசர்." அத்தனை பேர் முன்னால் அவன் பேரை அவள் எடுக்கவில்லை. நாளைக்கு அவன் பட்டத்துக்கும் இதே பேனாதான் கையெழுத்துப் போட வேண்டும்.

"என் ஆய்வுக்கூடத்துல அந்த மாதிரித் தப்பு நடக்காது."

பின்வரிசையில் நாற்காலி கிரீச்சிட்டது. கொர்பினியான் எழுந்து நின்றான்.

"நடந்துச்சு, புரொஃபசர். ரெண்டு ஃபிலிமும் நான் எடுத்ததுதான். முதல்ல எடுத்தது தப்பு."

அவன் முகத்தைப் பார்த்ததும் ஸ்வான்யேக்கு அவனை நினைத்துப் பயம் வந்தது. தனக்காகக் கூட அவள் அவ்வளவு பயந்ததில்லை.

ரைண்டல் இரண்டு ஃபிலிமையும் சன்னல் வெளிச்சத்தில் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"ரெண்டே பேர் போதும்னா, என் ஈஸ்ட் எதுக்கு அத்தனை பெரிய பட்டாளத்தைக் கட்டி மேய்க்குது?"

"தெரியாது, புரொஃபசர். அது உங்க வீடு. உங்களுக்குத் தெரியுமா?"

கொர்பினியான் இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

"தெரியாது" என்றார் ரைண்டல். அந்தச் சொல்லை அவர் வாயால் அங்கே யாரும் கேட்டதில்லை. அந்த வரி இருந்த பக்கத்தைத் தேடி எடுத்து, ஒருமுறை வாசித்துவிட்டு, அதில் கை வைக்காமல் கையெழுத்துப் போட்டார்.